தோற்ற பின் ஓர் இயக்கம் என்ன செய்யும்? தேவிகுளம் மலைகள் சொல்லும் விடைகள்

2016ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் கேரளச் சட்டமன்றத் தேர்தலின் வாக்குகள் எண்ணப்பட்டன. தேவிகுளம் தனித்தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் எஸ். இராஜேந்திரன் மூன்றாம் முறையாக வென்றார். ஆறாயிரத்துக்கும் குறைந்த வாக்கு வேறுபாட்டில் காங்கிரஸின் ஏ. கே. மணி இரண்டாமிடம் பெற்றார். அ.தி.மு.க. வேட்பாளர் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் மூன்றாமிடத்தில் நின்றார். அந்தப் பட்டியலில் வெகு கீழே ஜே. இராஜேஸ்வரி என்றொரு பெயர் இருந்தது. மிகச் சொற்பமான வாக்குகளே பெற்று அவர் வைப்புத்தொகையை இழந்திருந்தார். அவர் பெம்பிளை ஒருமையின் வேட்பாளர்.

எட்டு மாதங்களுக்கு முன்புதான், 2015 செப்டம்பரில், அந்த இயக்கம் மூணாறு நகரத்தை ஒன்பது நாள் நிறுத்தி வைத்திருந்தது. கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் முந்தைய ஆண்டு 19 விழுக்காடாக இருந்த போனசை 10 விழுக்காடாகக் குறைத்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் ஐயாயிரம் பேருக்கு மேல் சாலையில் வந்து அமர்ந்தனர். சங்கத் தலைவர்களை அருகே வர விடவில்லை. தொகுதியின் உறுப்பினரும் தொழிற்சங்கத் தலைவருமான இராஜேந்திரனையே திருப்பி அனுப்பினர். செப்டம்பர் 13ஆம் நாள் வி. எஸ். அச்சுதானந்தன் வந்து அவர்களுடன் அமர்ந்தார். அன்றிரவு 8.33 விழுக்காடு போனசும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு தருவதென உடன்பாடு ஏற்பட்டது.

அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு அவ்வளவு சிறிய வாக்கு எப்படி வந்தது? பெண்கள் திருப்பி அனுப்பிய மனிதரையே தொகுதி மீண்டும் அனுப்பி வைத்தது ஏன்? அப்படித் தோற்ற இயக்கத்தின் முன் என்னென்ன வழிகள் இருந்தன? இக்கேள்விகள் மூணாறுக்கு மட்டும் உரியவை அல்ல. இதே மலைகளில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு வேறோர் இயக்கமும், கடல் தாண்டி இலங்கையின் தேயிலை மலைகளில் இன்னோர் இயக்கமும் இவற்றைச் சந்தித்திருக்கின்றன. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் விடை துலங்கும்.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் சாலை வாகுவரை, தலையாறு ஆகிய தேயிலைத் தோட்டங்களைக் கடந்து மறையூருக்கு இறங்குகிறது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர்ப் பயணம்தான். ஆனால் இறங்கியதும் உலகம் மாறிவிடுகிறது. தேயிலை முடிந்து கரும்பு தொடங்குகிறது. சந்தனக்காட்டின் வேலி சாலையோரம் நீள்கிறது. பாறைகளின் மேல் முனியறைகள் நிற்கின்றன. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஊர்களைக் கொண்ட அஞ்சுநாடு, தோட்டங்கள் தோன்றுவதற்குப் பல தலைமுறைகள் முன்பே தமிழ் பேசும் உழவர்கள் குடியேறி வாழ்ந்த நாடு. 1877இல் பூஞ்ஞாறு அரசர் ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகைக்கு விட்ட மலைகள் தாங்கும் ‘கண்ணன் தேவன்’ என்ற பெயரே அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவருடையது என்பது வழிவழிச் செய்தி.

தேவிகுளம் தொகுதி இவ்விரு உலகங்களையும் ஒருங்கே கொண்டது. மறையூர் உழவருக்கு வெல்லத்தின் விலையும் காட்டு யானையும் சந்தனக்காட்டின் எல்லையும் சிக்கல்கள். முதுவான் குடிகளுக்குக் காட்டுரிமை சிக்கல். அடிமாலிப் பக்கத்து மலையாளக் குடியேற்றக்காரர்களுக்குப் பட்டா சிக்கல். போனஸ் 10 விழுக்காடா 20 விழுக்காடா என்பது இவர்களில் எவருடைய அடுப்பையும் தொடாத கேள்வி. லயத்தில் பிறந்த இயக்கத்தின் குரல் லயத்துக்கு வெளியே கேட்க வேண்டுமானால் அதற்குத் தனியான உழைப்பு தேவை. எட்டு மாதத்தில் அது நடக்கவில்லை.

2015 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலைச் சட்டமன்றத் தேர்தலோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். உள்ளாட்சியில் பெம்பிளை ஒருமை மூன்று இடங்களில் வென்றது. கோமதி அகஸ்டின் தேவிகுளம் ஒன்றியத்தின் நல்லதண்ணிப் பிரிவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். ஊராட்சி வார்டு என்பது சில தோட்டப் பிரிவுகளின் தொகுப்பு. வாக்காளரும் வேட்பாளரும் ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். அங்கே முகம் போதும். சட்டமன்றத் தொகுதிக்கு முகம் போதாது, அமைப்பு வேண்டும்.

தோட்டத்துக்குள்ளேயே இன்னொரு தடையும் இருந்தது. வருங்கால வைப்புநிதி தாமதமானால், பணிக்கொடைக் கணக்கில் பிழை இருந்தால், மகனுக்கு வேலை கேட்க வேண்டுமானால், பழுதான லயத்துக் கூரையை மாற்ற வேண்டுமானால், தொழிலாளி போய் நிற்பது சங்க அலுவலகத்தின் வாசலில். அந்த வாசல்கள் சி.ஐ.டி.யூ., ஏ.ஐ.டி.யூ.சி., ஐ.என்.டி.யூ.சி. ஆகிய மூன்றின் கையில் இருந்தன. மூன்றுக்கும் பின்னால் மூன்று கட்சிகள். ஒன்பது நாள் அந்த வாசலைப் புறக்கணிக்க முடியும். ஆண்டு முழுவதும் புறக்கணிக்க வேண்டுமானால் வேறொரு வாசல் திறந்திருக்க வேண்டும். அது திறக்கப்படாத நிலையில், சாலையில் ஒன்றாக அமர்ந்த பெண்களில் பெரும்பாலோர் வாக்குச்சாவடியில் தத்தம் பழைய கட்சிக்குத் திரும்பியதைத் துரோகம் என்று சொல்ல முடியாது. அது வாழ்க்கைக் கணக்கு.

இனி அறுபது ஆண்டு பின்னோக்கிச் செல்லலாம். 1945இல் நாகர்கோவிலில் தோன்றிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், மார்ஷல் நேசமணியின் தலைமையில் தென் திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கப் போராடியது. தேவிகுளமும் பீர்மேடும் அக்கோரிக்கையில் அடக்கம். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தேவிகுளம் வட்டத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மை. திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்தில் 1952இல் 8 இடங்களையும் 1954இல் 12 இடங்களையும் அக்கட்சி வென்றது. சிறிய எண்தான், ஆனால் அதன் ஆதரவு விலகியதால் 1953இல் ஏ. ஜே. ஜான் அமைச்சரவை கவிழ்ந்தது. 1954 ஜூலையில் நேசமணியும் தோழர்களும் தேவிகுளத்துக்கு வந்து தடையை மீறிக் கைதாயினர். அவ்வாண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் பலர் மாண்டனர்.

பசல் அலி தலைமையிலான மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்தது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவை தமிழகத்துக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. தோட்டத் தொழிலாளர் வந்துபோகும் மக்கள் என்ற வாதமும், மலைகளின் பொருளாதார மதிப்பும் அம்முடிவில் பங்கு வகித்தன. மூன்று தலைமுறைகளாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர்கள் அரசியல் கணக்கில் வழிப்போக்கர் ஆயினர். இதே காலத்தில் பட்டம் தாணுபிள்ளை அரசு உயர்மலைக் குடியேற்றத் திட்டத்தைத் தொடங்கிக் கல்லார், மறையூர், காந்தளூர் முதலிய இடங்களில் மலையாளக் குடும்பங்களுக்கு நிலம் வழங்கியது. தோட்டத் தொழிலாளிக்கு அத்தகைய நிலம் கிடைக்கவில்லை.

1956 நவம்பர் 1ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. தெற்கே அது வெற்றிவிழா. நேசமணியின் கட்சி தன் குறிக்கோள் நிறைவேறியதாகக் கருதிக் கலைந்து, இந்தியத் தேசியக் காங்கிரஸோடு இணைந்தது. தெற்கின் பார்வையில் அது நியாயமான முடிவு. மலையின் பார்வையில், பாதி தோற்ற இயக்கம் தோற்ற பாதியை அங்கேயே விட்டுச் சென்றது. கோரிக்கை தோற்ற இடத்தில்தான் அமைப்பு மிகுதியாகத் தேவைப்படும். எல்லை மாறாது என்றான பின்பும் தமிழ்ப் பள்ளி, தமிழில் அரசுக் கடிதம், குடியிருப்பு நிலம், சாதிச் சான்றிதழ் என நூறு வேலைகள் எஞ்சியிருந்தன. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே அரசோடு கடிதப் போக்குவரத்து நடத்த இடம் தருகிறது. சட்டத்தில் உரிமை எழுதப்பட்டது. அதை நாள்தோறும் கேட்டு வாங்க அமைப்புதான் இல்லை.

அந்த வெற்றிடத்தைத் தொழிற்சங்கங்கள் நிரப்பின. 1957இல் தேவிகுளத்திலிருந்து கம்யூனிஸ்ட் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். எதிர்வேட்பாளரின் மனு தவறாகத் தள்ளப்பட்டது என்பதால் அத்தேர்தல் செல்லாதென்று அறிவிக்கப்பட, 1958 இடைத்தேர்தலிலும் அவரே வென்றார். பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தம்பியருடன் மலையேறி வந்து தமிழில் பாடி வாக்குச் சேகரித்தது அந்தத் தேர்தலில்தான். நேசமணியின் கட்சி விட்டுச் சென்ற தமிழ் வாக்காளரைக் கம்யூனிஸ்டுகள் தமிழ்ப்பாட்டாலேயே சென்றடைந்தனர். அவர்கள் கையில் பாட்டோடு சங்கப் பதிவேடும் இருந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் தோட்டங்களில் அவர்களும் அவர்களுடைய போட்டிச் சங்கங்களும் நிலைத்ததற்கு அந்தப் பதிவேடே காரணம். 2015இல் பெண்கள் எழுந்ததும் அதே பதிவேட்டுக்காரர்களுக்கு எதிராகத்தான். உறுப்பினருக்கு உழைக்க வேண்டிய அமைப்பு நிர்வாகத்தோடு நெருங்கிவிட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு.

மூன்றாம் எடுத்துக்காட்டு இலங்கையிலிருந்து. அங்குள்ள மலையகத் தமிழரும் கங்காணிகளின் பின்னால் சென்ற தேயிலைத் தொழிலாளர்களின் வழிவந்தவர்களே. 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1947 பொதுத்தேர்தலில் 7 இடங்களை வென்றது. அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. தேர்தலில் தோற்பது ஒன்று, தேர்தலே இல்லாமற் போவது வேறு. வாக்காளரே இல்லாத கட்சி கலைந்திருக்க வேண்டும். அது இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் மாறிச் சங்கமாக நீடித்தது. தோட்டத்துக்குத் தோட்டம் கமிட்டி, மாதச் சந்தா, மாவட்ட அலுவலகம், நிர்வாகத்தோடு அன்றாடப் பேச்சு. நாடாளுமன்ற வாசல் மூடியிருந்த கால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தை அது சந்தாப் பதிவேட்டின் துணையால் கடந்தது. 1977இல் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து மீண்டும் நாடாளுமன்றம் சென்றார். 1984 வேலைநிறுத்தத்தின் பயனாகத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமக்கூலி வந்தது. குடியுரிமையும் படிப்படியாகத் திரும்பியது.

இதில் எச்சரிக்கையும் உண்டு. அந்த அமைப்பு காலப்போக்கில் ஒரு குடும்பத்தின் தலைமையில் இறுகியது. பறிப்பவர் பெண்ணாகவும் பேசுபவர் ஆணாகவும் நீடித்தனர். நிலைத்திருத்தல் மட்டுமே நற்சான்று ஆகாது. எனினும் கலைந்த இயக்கம் எதையும் திருத்திக்கொள்ள முடியாது. நிலைத்த இயக்கத்துக்கே அந்த வாய்ப்பு.

பெம்பிளை ஒருமை தோற்ற அதே 2016இல் உலகின் மறுபுறத்திலும் இக்கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் பெர்னி சாண்டர்ஸ் ஹிலாரி கிளிண்டனிடம் தோற்றார். அவரது பரப்புரையில் சிறுசிறு தொகை கொடுத்தோரின் பட்டியலும் தொண்டர் பட்டியலும் எஞ்சின. அவற்றைக் கொண்டு அவ்வாண்டு ஆகஸ்டிலேயே ‘நமது புரட்சி’ என்னும் பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. சாண்டர்ஸ் 2020இலும் தோற்றார். ஆனால் அந்த அலையில் வந்த அலெக்சாண்டிரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் போன்றோர் 2018இலேயே நாடாளுமன்றம் சென்றுவிட்டனர். தலைவர் தோற்றாலும் பட்டியல் தோற்கவில்லை.

மூணாறுப் பெண்களிடம் எஞ்சியது என்ன? பட்டியல் அன்று, நினைவு. முதற்போராட்டத்தின் வேகத்தில் எவரும் பெயர் எழுதிச் சந்தா வாங்கவில்லை. அன்று ரூ. 232 ஆக இருந்த நாட்கூலியை ரூ. 500 ஆக்கக் கோரிய இரண்டாம் சுற்றில் அதன் விலை தெரிந்தது. கூலியை முடிவு செய்யும் தோட்டத் தொழிலாளர் குழுவில் பழைய சங்கங்களுக்கே இடமிருந்தது. பெம்பிளை ஒருமை அப்போது பதிவுபெற்ற சங்கமாக இல்லை. 2015 அக்டோபரில் கூலி ரூ. 301 ஆயிற்று, நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்ந்தது. சாலையில் இருந்தவர்கள் மேசையில் இல்லை. பதிவு பின்னர் வந்தது. அதற்குள் பிளவும் வந்துவிட்டது. லிசி சன்னி, கோமதி, இந்திராணி, இராஜேஸ்வரி ஆகியோர் கூட்டாகத் தொடங்கிய தலைமை ஓராண்டுக்குள் சிதறியது. கோமதி இடதுசாரிச் சங்கத்தின் பக்கம் சென்று, அங்கிருந்தும் விலகினார்.

இருந்தும் இயக்கம் முற்றிலும் அணையவில்லை. 2017 ஏப்ரலில் அமைச்சர் எம். எம். மணி போராட்டப் பெண்களை இழிவுபடுத்திப் பேசியதாக எழுந்த சர்ச்சையில் கோமதியும் தோழியரும் மூணாறுச் சாலையில் மீண்டும் அமர்ந்து உண்ணாநோன்பிருந்தனர். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு இராஜமலை பெட்டிமுடியில் மண்சரிந்து லயங்கள் புதைந்தன. 70 உயிர்கள் போயின. அடுத்த வாரம் முதலமைச்சர் வந்தபோது, தொழிலாளருக்கு நிலமும் வீடும் கேட்டு நின்ற கோமதி கைது செய்யப்பட்டார்.

பெட்டிமுடி போனசைவிட ஆழமான உண்மை ஒன்றைத் திறந்து காட்டியது. லயம் தொழிலாளியின் வீடு அல்ல; வேலையின் நிழல். ஓய்வு பெற்றால் வீட்டை விட வேண்டும். அதனாலேயே மகளையும் மருமகளையும் அதே கொழுந்துக்கூடைக்குள் அனுப்ப வேண்டியிருக்கிறது. 1877 குத்தகையிலும், 1955 குடியேற்றத்திலும், 1956 எல்லைக்கோட்டிலும் நிலம் கைமாறியது. பறிப்பவர் கைக்கு மட்டும் வரவில்லை.

எனவே தோற்ற இயக்கத்தின் அடுத்த அடி எங்கே விழ வேண்டும் என்பதற்கு வரலாறு ஓரளவு தெளிவாகவே விடை தருகிறது. சட்டமன்றத் தொகுதியைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம். முதலில் சந்தாப் பதிவேடு. மாதம் பத்து ரூபாயாக இருந்தாலும் எழுதி வாங்கிய பத்து ரூபாய். அடுத்து, வைப்புநிதிக்கும் பணிக்கொடைக்கும் மனு எழுதித் தரும் ஒரு சிறு அறை. பழைய சங்க வாசலுக்கு மாற்றான வாசல். பிறகு, 2015இல் வென்று காட்டிய வார்டுகள். அதன் பின், போனசைக் கடந்து நிலம், வீடு என்னும் கோரிக்கை. மறையூர் உழவரும், முதுவான் குடியினரும், அடிமாலிப் பட்டாக் கோரிக்கையாளரும் புரிந்துகொள்ளக்கூடிய மொழி அதுதான். நிலக் கோரிக்கை நடைமுறையில் ஒருவரோடொருவர் மோதவும் செய்யும். காட்டின் எல்லையும் குடியிருப்பின் எல்லையும் ஒன்றையொன்று வெட்டும். அதை உட்கார்ந்து பேசித் தீர்க்கவும் ஓர் அமைப்புதான் வேண்டும்.

பெம்பிளை ஒருமை என்ற பெயரிலேயே இரு மொழிகள் கலந்திருக்கின்றன. தமிழ்க் காதுக்குப் பெம்பிளை வீட்டுச்சொல்; மலையாளத்தில் ‘ஒரும’ என்றால் ஒற்றுமை. எல்லைக்கோடு பிரித்த இரு மொழிகளைத் தோட்டப் பெண்கள் ஒரு பெயருக்குள் சேர்த்துவிட்டனர். நேசமணியின் கட்சியால் மலையில் செய்ய முடியாதது அது. பெயர் அவர்களிடம் இருக்கிறது. ஒன்பது நாள் ஊரை நிறுத்திய நினைவும் இருக்கிறது. பெயரெழுதிய பதிவேடு ஒன்றுதான் இன்னும் வேண்டும்.